ரெண்டாவது செல்

காசு என்று சொல்லிவிட்டேன். வாயில் அதுதான் வந்தது. அத்தை ரேஷன் பையை வாசல்படியில் இறக்கி வைத்துவிட்டு, "என்னட்டி, பிள்ளை ஏன் இப்படி எச்சி ஒழுக்குதா?" என்று கேட்டதும் என் நாக்கு என்னைக் கேட்காமலே, "காச முழுங்கிட்டா அத்தை" என்று சொல்லிவிட்டது. அதற்கப்புறம் அது காசுதான். பக்கத்து வீட்டுக்கும் காசு, ஆட்டோக்காரருக்கும் காசு, சீட்டு எழுதின இடத்திலும் காசு, உள்ளே பார்த்த டாக்டரம்மாவுக்கும் காசு. அவங்க நிவிஷாவின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே படம் எடுத்துட்டு வாங்க என்று ஆறாம் நம்பர் போட்ட துண்டுச் சீட்டைக் கொடுத்தாங்க. இப்போது நாலாம் நம்பர் உள்ளே இருக்கிறது. கதவுக்கு மேலே சிவப்பு பல்பு எரிகிறது. கடிகாரத்தில் பதினொன்று ஐந்து. முழுங்கினது பத்து பத்துக்கு. ஐம்பத்தைந்து நிமிஷம். ஐம்பத்தைந்து நிமிஷமாக அது உள்ளே என்ன செய்துகொண்டிருக்கும்? நினைக்காதே பேச்சி, நினைக்காதே. அத்தை இரும்பு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எதிரே நிற்கிற ஆஸ்பத்திரிக் காக்கிச் சட்டை அண்ணனிடம் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். "இவ அப்பன் மட்டும் லேசுப்பட்டவனா? ஒன்றரை வயசுல நாலணாவ முழுங்கிட்டான். வாழைப்பழமா குடுத்தேன். மூணாம் நாளு பழத்தோட பழமா வந்துட்டு. கழுவி உண்டியல்ல போட்டுட்டேன்." அந்த அண்ணன் சிரிக்கிறார். "அந்த நாலணா இப்ப செல்லாதே ஆச்சி." செல்லாது. செல். அவருக்குத் தெரிந்துவிட்டதோ? இல்லை, அவர் காசைச் சொல்கிறார். செல்லாத காசு. எல்லாரும் காசைத்தான் சொல்கிறார்கள். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அத்தை ரேஷன் கடைக்குப் போனால் ஒரு மணி நேரம் எனக்கு. அந்த ஒரு மணி நேரத்தில்தான் கட்டிலுக்கடியிலிருந்து பிஸ்கட் தகரத்தை இழுப்பேன். இன்றைக்கும் இழுத்தேன். உள்ளே என் பொம்மைகள், ஒவ்வொருவரையும் பழைய பாவாடைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், பிரித்து பாயில் வரிசையாக வைத்தேன். அடியில் வருஷம் போட்டிருக்கும், அந்த வருஷப்படி. நிவிஷா உட்கார்ந்து கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பேசுகிற பொம்மை ஒன்றுதான், அதற்கு நான் வைத்த பேர் கலெக்டரம்மா, அவளை அழுத்திப் பேசவைத்தேன். கரகரவென்று அந்த இங்கிலீஷ் வந்தது. பிள்ளை சிரித்தது. இன்னொரு தரம். இன்னொரு தரம். அடுப்பில் பால் இருந்தது. பால் பொங்குகிற சத்தம் கேட்டதும் ஓடினேன். அடுப்பை அணைத்தேன், மேடையைத் துடைத்தேன். ஏன் துடைத்தேன்? பால் வழிந்தால் வழியட்டுமே, யார் செத்துப்போவார்கள்? ஐயோ, அந்த வார்த்தை வேண்டாம். துணியை அலசிப் பிழிந்து உதறிக் காயப்போட்டுவிட்டுத்தான் வந்தேன், அப்படி ஒரு பொறுப்பு எனக்கு. வந்து பார்த்தால் கலெக்டரம்மா பிள்ளை மடியில் கவிழ்ந்து கிடக்கிறாள். முதுகில் ஒட்டியிருந்த டேப் பிய்ந்து தொங்குகிறது. செல் போடுகிற மூடிக்குத் திருகாணி கிடையாது, டேப் போட்டுத்தான் ஒட்டியிருந்தேன். உள்ளே ரெண்டு செல் இருக்கும், ஒரு ரூபாய்க் காசு மாதிரி வட்டமாக, பளபளவென்று. ஒன்று பாயில் கிடந்தது. இன்னொன்று இல்லை. பாயை உதறினேன், கட்டிலை நகர்த்தினேன், பிள்ளையின் சட்டைக்குள் பார்த்தேன், விரலை வாய்க்குள் விட்டேன். கடித்தாள். இருமினாள். கண்ணெல்லாம் சிவப்பு. எச்சில் நூலாக இறங்கியது. அப்போது கேட் சத்தம். அத்தை. பொம்மைகளை அள்ளித் தகரத்தில் திணித்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். பிள்ளையை எடுப்பதற்கு முன்னால் பொம்மையை எடுத்தேன். யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

யாராவது கேட்டால் எப்படிச் சொல்வேன், இருபத்து நாலு வயசுப் பொம்பளை பொம்மை சேர்க்கிறேன் என்று? பிள்ளைப்பேற்றுக்கு நிற்கிற வரைக்கும் நாலு வருஷம் காகித மில்லில் தாள் பொறுக்கினேன். சீமையிலிருந்து கப்பலில் வருகிற பழைய தாள், கட்டுக் கட்டாக, ஆள் உயரம். வெட்டிப் பிரித்தால் அட்டை, புத்தகம், கடுதாசி, அதோடு அந்த ஊர்க்காரர்கள் தூக்கிப் போட்ட என்னென்னவோ. தாள் ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம். ஒருநாள் ஒரு சின்ன அட்டைப்பெட்டி, கசங்காமல். உள்ளே ஒரு நீல மூஞ்சி ஆள், மூணு புருவம், கையில் டார்ச் மாதிரி என்னவோ. தலையில் ஒரு கொக்கி. நான் ஏதோ சாமி என்றுதான் நினைத்தேன். கீழே வைக்கப் பயமாக இருந்தது. பக்கத்து மேசை ஜெபராணிதான் சிரித்தாள். "சாமியுமில்ல பூதமுமில்லட்டி. கிறிஸ்மஸ் மரத்துல தொங்க விடுறது. எங்க வீட்ல பந்து தொங்க விடுவோம், நட்சத்திரம் தொங்க விடுவோம். இது என்ன சவம், அவங்க ஊரு கூத்து." அவள் தம்பி பெட்டியை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னான், அமெரிக்கா டிவியில் வருகிற தொடராம், ஆகாயத்தில் கப்பல் விட்டு நட்சத்திரம் நட்சத்திரமாகப் போவார்களாம், அதில் வருகிற ஆட்களைக் கிறிஸ்மஸுக்கு வருஷம் ஒன்றாகச் செய்து விற்பார்களாம். சேர்க்கிறவர்கள் இருக்கிறார்களாம். வருஷா வருஷம் காத்திருந்து வாங்குவார்களாம். அன்றைக்கு எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. என்னைப் போல யாரோ அங்கே ஒருத்தி சேர்த்திருக்கிறாள், அவள் செத்தோ சலித்தோ போனதும் வீட்டார் குப்பையில் போட்டிருக்கிறார்கள், அது கடல் தாண்டி என் கைக்கு வந்திருக்கிறது. ஜெபராணிக்கு தேவதூதன், குட்டி ஏசு, மணி. எனக்கு யாருக்கும் வேண்டாத ஆகாயக்காரர்கள். அவர்கள் பேர் எனக்குத் தெரியாது. நானே வைத்தேன். நீலச் சித்தப்பா. இட்லிச்சட்டி, அது பித்தளை நிறத்தில் சக்கரம் வைத்த மிஷின். இறால் அண்ணாச்சி. ஒற்றைச் சடையில் பின்னிக் கிடக்கிற அக்கா தங்கச்சி. தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று ஐந்து, தொண்ணூற்று ஏழு. நடுவில் ஆறு இல்லை. ஒவ்வொரு கட்டையும் வெட்டும்போது ஆறு வருமா ஆறு வருமா என்று இருக்கும். ஆறாம் கிளாஸோடு நின்றவளுக்கு ஆறு மேல் ஆசை என்று ஜெபராணி கேலி செய்வாள். தூக்குச்சட்டியில் சோற்றுக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவேன். கேட்டில் தடவிப் பார்க்கிற அக்கா தூக்குச்சட்டியைத் திறக்கமாட்டாள், மீன்குழம்பு வாடை.

ஜெபராணிதான் அதையும் சொன்னாள். ஏன் அதை இப்போது நினைக்கிறேன், நினைக்காமல் எப்படி இருப்பேன். தாளோடு வருகிற செல்லையெல்லாம் சிவப்பு வாளியில் போடவேண்டும், அது சட்டம். ஒருநாள் டீக்கு மணி அடித்ததும் கையிலிருந்த வட்டச் செல்லை மேசையில் இருந்த ஈர அட்டை மேலே வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் அதைச் சுற்றி நுரை. எடுத்துப் பார்த்தால் அட்டை கறுத்திருந்தது, பீடியால் சுட்டமாதிரி ஒரு வட்டம், தொட்டால் கூழாக வந்தது. "ஈரத்துல பட்டா அரிச்சுப்புடும்ட்டி. கைய கழுவிட்டு வா, கண்ணுல வெச்சிராத" என்றாள். ஒரு டீ குடிக்கிற நேரம். அது பழைய செல், சீமையிலேயே தீர்ந்துபோன செல். பிள்ளைக்குள் இருப்பது புதுசு. போன வாரம் டவுன் வாட்ச் கடையில் வாங்கினது. நான்தான் கேட்டேன். பேசாத கலெக்டரம்மா என்ன கலெக்டரம்மா, செல் வாங்கிப் போடுங்களேன் என்று என் வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன். பிள்ளையின் தொண்டை ஈரம்தானே. அட்டை எத்தனை தடிப்பு, பிள்ளையின் தொண்டை எத்தனை தடிப்பு? வெற்றிலைத் தடிப்பு இருக்குமா? நிவிஷா என் தோளில் சாய்ந்திருக்கிறாள். அழவில்லை. அழுதாலாவது தேவலை. எச்சில் நான் மேலே போட்டிருக்கிற சால் வழியாக உள்ளே இறங்கிச் சூடாக ஒட்டுகிறது. அத்தை கொடுத்த வாழைப்பழ விள்ளலை அப்படியே துப்பிவிட்டாள். "ஐந்தாம் நம்பர்" என்று உள்ளிருந்து குரல். கையில் கட்டுப்போட்ட ஒரு தாத்தா எழுந்து போகிறார். மெதுவாகப் போகிறார். ஏன் இத்தனை மெதுவாகப் போகிறார்? எங்களை முன்னால் விடச் சொல்லிக் கேட்கலாம். கேள். வாயைத் திற. என்னவென்று கேட்பேன், காசுதானே, காசுக்கு என்ன அவசரம் என்பார்கள். இல்லை, செல் என்றால்? எந்த செல், எங்கிருந்து வந்த செல் என்பார்கள்.

காக்கிச் சட்டை அண்ணன் அத்தையிடம் கேட்கிறார். "மில்லு காலனியா நீங்க? எங்க மச்சான் அங்கனதான் டைம் ஆபீஸ்ல இருக்கான். அவன் கண்ணுல ஒரு குண்டூசி தப்பாது பாத்துக்கிடுங்க." அத்தை உடனே நிமிர்ந்து உட்காருகிறாள். "எம் மவனும் அங்கனதான். இசக்கிராஜ், லோடிங்ல. அடுத்த மாசம் நிரந்தரம் பண்ணுதாவளாம். ஏழு வருசமா காத்துக்கெடக்கான் பாவம்." "நல்ல விசயம் ஆச்சி, மச்சான்ட்ட சொல்லி வெக்கேன்." சொல்ல வேண்டாம், உங்களைக் கும்பிடுகிறேன், உங்கள் மச்சானிடம் எங்களைப் பற்றி ஒன்றுமே சொல்ல வேண்டாம். கலெக்டரம்மாவைக் கொண்டுவந்தது என் வீட்டுக்காரர்தான். நான் பிள்ளைப்பேற்றுக்கு வேலையை விட்டு நின்றதும் தகரத்தை அடிக்கடி திறந்து பார்ப்பதை அவர் ஒருநாள் கட்டிலில் படுத்தபடியே பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. போன மாசம் ஒரு மத்தியானம் சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். சாம்பல் நிறக் கோட்டு, வெட்டிவிட்ட முடி, நெற்றிக்கு மேலே கைவைத்துத் தூரத்தைப் பார்க்கிற ஒரு பொம்பளை, கப்பலின் முனையில் நிற்கிறாள். அடியில் தொண்ணூற்று ஆறு. "நீ தேடுதது இதுதான? கட்டு பிஞ்சு கெடந்துச்சு" என்றார். அந்த மனிதர் ஒரு கயிற்றுத் துண்டைக்கூட மில்லிலிருந்து எடுத்துவராதவர். போன ஆடியில்தான் ஒரு லோடிங் ஆளை வெளியே தள்ளினார்கள், ஒரு பழைய டார்ச்சுக்காக, குப்பையில் கிடந்த டார்ச். உள்ளே வருகிறதெல்லாம் கம்பெனிச் சொத்து, குப்பையும் கம்பெனிச் சொத்து. அவர் தொண்ணூற்று ஆறு என்று படித்துப் பார்த்துத் தேடியிருக்கிறார். எத்தனை நாள் தேடினாரோ. நான் சொன்னால் அவர் வேலை போகும். சொல்லாவிட்டால். சொல்லாவிட்டால் என்று ஆரம்பிக்கிற நினைப்பு அங்கேயே நின்றுவிடுகிறது, கிணற்றில் வாளி கவிழாமல் மிதக்கிற மாதிரி. திரும்பவும் முதலிலிருந்து. ஒருவேளை அது உள்ளேயே போகாமல் இருந்தால்? கட்டில் காலுக்குப் பின்னால் உருண்டிருந்தால்? எலிப்பொந்துக்குள் போயிருந்தால்? படத்தில் ஒன்றுமே தெரியாவிட்டால் நான் யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போய்த் தகரத்தோடு வாய்க்காலில் போட்டுவிடுவேன். எல்லாரையும், இட்லிச்சட்டியையும். சத்தியம்.

அத்தை இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுக்கிறாள். எப்போது எடுத்து வைத்தாள் என்று தெரியவில்லை, கிளம்புகிற அவசரத்திலும் மஞ்சளில் நனைத்து எடுத்து வந்திருக்கிறாள். அதில் ஒரு ரூபாயை வைத்து முடிகிறாள், கண்ணை மூடி இசக்கியம்மனைக் கூப்பிடுகிறாள். "தாயே, எம் பேத்தி வயித்துல கெடக்கிற காசை வெளிய கொண்டாந்துரு. ஒனக்குப் பொங்கலு வெச்சு இந்தக் காச ஒம் உண்டியல்ல போடுதேன்." முடிச்சைப் பிள்ளையின் தலையைச் சுற்றி மூன்று தரம் எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொள்கிறாள். அம்மன் இறங்கிவந்து பிள்ளைக்குள் காசைத் தேடுவாள். காசு இல்லையே. கை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு இங்கே காசு ஒன்றும் கிடையாது, பொய் சொல்லியா கூப்பிட்டீர்கள் என்று போய்விடுவாள். அவளுக்கும் நான் தப்பான விலாசம் கொடுத்துவிட்டேன். அத்தையை நிறுத்தி, முடிச்சை அவிழுங்க, திருப்பி வேண்டுங்க என்று சொல்லவேண்டும். எப்படிச் சொல்ல? இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அத்தை சொல்கிற கேலி ஒன்றுதான், பேரு பேச்சி, வாயத் தொறந்தா போச்சி. என் அம்மா வீட்டிலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் எழுந்து நில்லு என்றால் நிற்பேன், பதில் தெரியும், வாய் வராது. தெரிந்ததைச் சொல்லாததற்கும் அடி வாங்கியிருக்கிறேன். "ஆறாம் நம்பர்." நான் எழுந்துகொள்கிறேன்.

உள்ளே குளிர். பச்சைத் துணி போட்ட மேசையில் பிள்ளையைப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள், கையை மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்கிறார்கள், எனக்குக் கனமான ஒரு அங்கியை மாட்டிவிடுகிறார்கள். ஆகாயத்தில் போகிறவர்கள் போட்டுக்கொள்கிற மாதிரி அங்கி. இந்த நேரத்தில் எனக்கு இப்படித் தோன்றுகிறதே, என்ன ஜென்மம் நான். நிவிஷா என் முகத்தையே பார்க்கிறாள். நான் சிரிக்க முயற்சி செய்கிறேன். டக்கென்று ஒரு சத்தம். "அவ்வளவுதான், டாக்டர்ட்ட போங்க, கம்ப்யூட்டர்ல வந்துரும்." அவ்வளவுதான். கடிகாரம் பதினொன்று இருபது. எழுபது நிமிஷம். நடைபாதையில் அத்தை முன்னால் போகிறாள், எதிரே வருகிறவர்களிடம் விலகுங்க விலகுங்க, காச முழுங்கின பிள்ளை என்கிறாள். என் சால் முனையில் ஒரு முடிச்சு இருக்கிறது. அதில் முதல் செல் இருக்கிறது. பாயில் கிடந்ததை எடுத்து ஏன் முடிந்தேன் என்று எனக்கே தெரியாது. அத்தை ஒரு முடிச்சு, நான் ஒரு முடிச்சு. நடக்கும்போது அது என் முட்டியில் மோதுகிறது, மோதுகிறது.

டாக்டரம்மா சின்ன வயசுதான், என்னைவிட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும். கண்ணுக்குக் கீழே கருப்பு. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுறாங்க. எலும்புக் கூடு, குட்டி எலும்பு, மீன் முள்ளு மாதிரி விலா. இது என் பிள்ளையா? கழுத்துக்குக் கீழே வெள்ளையாக, முழுசாக, வட்டமாக ஒன்று. கட்டில் காலுக்குப் பின்னால் உருளவில்லை. எலிப்பொந்தில் இல்லை. "இருக்கு பாருங்க. மூச்சுக்குழாய்ல இல்ல, சோறு போற குழாய்லதான், மேல மாட்டிட்டு நிக்குது. காசு ஒண்ணும் செய்யாது, பயப்படாதீங்க. வார்டுல படுக்க வைங்க, சாயங்காலம் இன்னொரு படம் எடுப்போம். தானா எறங்கலேன்னா நாளைக்குக் காலைல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எடுத்துருவோம்." அத்தை கையெடுத்துக் கும்பிடுகிறாள், "நான் சொல்லல? எறங்கிரும். எங்க வீட்டுப் பிள்ளையளுக்கு இது பழக்கந்தான்." சாயங்காலம். நாளைக்குக் காலை. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அட்டை கூழாகிவிட்டது. டாக்டரம்மா அடுத்த சீட்டை எடுத்துவிட்டாங்க. காக்கிச் சட்டை அண்ணன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வாங்க வாங்க என்கிறார். அத்தை போகிறாள். நான் போகவில்லை. என் கால் போகவில்லை. அவர் முகம் தெரிகிறது, சாப்பாட்டுப் பையைத் திறந்து நீட்டின முகம். ஏழு வருஷம். "காசு இல்ல" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. "காசு இல்ல. காசு இல்ல அது!" இது கேட்டது. நடைபாதையில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"என்னம்மா?" என்றாங்க டாக்டரம்மா. "செல்லு. அவ செல்ல முழுங்கிட்டா." காக்கிச் சட்டை அண்ணன் பொக்கென்று சிரித்துவிட்டார். "செல்லையா? செல்போனையா தாயி? ஒண்ணரை வயசுப் பிள்ளை வாயில எப்படிப் போகும்?" அத்தை திரும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள், "பயத்துல ஒளறுதாம்மா, ஒண்ணுந் தெரியாதவ." நான் கையை உதறினேன். அத்தை கையை. என் வாழ்க்கையில் முதல் தரம். "போன் இல்ல. கடிகாரத்துல போடுத வட்டச் செல்லு. புதுசு. போன வாரம் போட்டது. ஈரத்துல பட்டா அரிக்கும், நான் பாத்திருக்கேன், அட்டைய அரிச்சிட்டு. நான்தான் காசுன்னு பொய் சொன்னேன்." சொல்லிக்கொண்டே சால் முடிச்சை அவிழ்க்கிறேன், நகம் உள்ளே போகவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தேன். மேசையில் வைத்தேன். டாக்டரம்மா அதை எடுத்துப் பார்த்தாங்க, கம்ப்யூட்டரைப் பார்த்தாங்க, படத்தைப் பெரிசாக்கினாங்க. வட்டத்தின் ஓரத்தில் உள்ளுக்குள் இன்னொரு வட்டம், வளையலுக்குள் வளையல் போட்ட மாதிரி. அவங்க முகம் மாறிப்போனது. நாற்காலி பின்னால் சரிய எழுந்தாங்க. "எத்தனை மணிக்கு?" "பத்து பத்து. பால் பொங்கிச்சு." "அப்புறம் ஏதாவது குடுத்தீங்களா?" "வாழைப்பழம் ஒரு விள்ளல், துப்பிட்டா." "இனி தண்ணிகூடக் குடுக்கக் கூடாது. நூத்தியெட்டு வெளியதான் நிக்குது, டிரைவரக் கூப்பிடுங்க, ஓடுங்க!" அண்ணனின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை, ஓடினார். டாக்டரம்மா போனில் பேசிக்கொண்டே சீட்டு எழுதினாங்க. பேட்டரி என்றாங்க, உணவுக்குழாய் என்றாங்க, வந்த உடனே எடுக்கணும், தியேட்டர் ரெடியா வைங்க என்றாங்க. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாங்க. திட்டுவாங்க என்று தலையைக் குனிந்தேன். "இப்பவாவது சொன்னீங்களே" என்று சொல்லிவிட்டுச் சீட்டை என் கையில் திணித்தாங்க.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. வண்டியின் பின்கதவு திறந்து கிடந்தது. நான் பிள்ளையோடு ஏறிவிட்டேன். அத்தை ஏறவில்லை, கீழேயே நின்றாள், என்னைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு. இனி என்னைச் சேர்த்துக்கொள்ளமாட்டாள். பொய் சொன்னவள், பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள். கதவு மூடப் போகிற நேரத்தில் காக்கிச் சட்டை அண்ணன் மூச்சிரைக்க வந்தார். கேட்டார், சும்மாதான் கேட்டாரோ, என்னவோ. "அது எதுல இருந்த செல்லு தாயி? மில்லுல சீமைக் குப்பையில வருமே, பேசுத பொம்மை கீம்மை, அதா?" என் வாய் மறுபடியும் ஒட்டிக்கொண்டது. இல்லை என்று சொல்லவேண்டும். பொம்மை கடையில் வாங்கினது என்று சொல்லவேண்டும். இன்னொரு பொய், ஒரே ஒரு பொய். பிள்ளையின் எச்சில் என் மணிக்கட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அதில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. "ஆமா" என்றேன். அவர் புருவத்தைத் தூக்கினார். அத்தை அவர் பக்கம் திரும்பினாள். அவளுக்கும் இப்போதுதான் தெரிகிறது, அவள் முகத்தில் ஒவ்வொன்றாக ஏறுவது தெரிந்தது, பொம்மை, மில், மகன், அடுத்த மாசம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஆமாய்யா" என்றது அத்தையின் குரல், ரேஷன் கடை வரிசையில் சண்டை போடுகிற குரல். "எம் மவன்தான் எடுத்தாந்திருப்பான். பேரு இசக்கிராஜ், மறந்துராத. ஒம் மச்சான்ட்ட போயி இன்னைக்கே சொல்லு. இப்ப அந்தக் கதவப் பிடி, நான் ஏறணும்."

ஏறி எதிரே உட்கார்ந்தாள். சைரன் போட்டதும் நிவிஷா விதிர்த்து என் கழுத்தைப் பிடித்தாள். டிரைவர் நாற்பது நிமிஷம் என்று கத்தினார், முப்பதில் போயிடலாம் என்றார். நாற்பதா முப்பதா? அத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாலம் தாண்டினதும் இடுப்பிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்தாள், அவிழ்த்தாள், காசைக் கையில் வைத்து வாயை அசைத்தாள், திரும்ப முடிந்தாள். என்ன சொல்லி முடிந்தாள் என்று கேட்கவில்லை. சைரன் சத்தம். அப்புறம் பார்க்காமலே கேட்டாள். "என்ன பொம்மைட்டி அது?" "ஆகாயத்துல கப்பல் ஓட்டுத பொம்பளை, அத்தை." "அவன்ட்ட நீ கேட்டியா, அவனா கொண்டாந்தானா?" "அவங்களாத்தான் கொண்டாந்தாங்க." வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. அவள் நகர்ந்து வந்து என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், பிள்ளையின் தலைக்கடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். "சவத்து மூதி, கழுத்த மடக்காத, நிமித்திப் பிடி" என்றாள். நிமிர்த்திப் பிடித்தேன். பிள்ளையின் நெஞ்சில் என் கையை வைத்தேன். மேலே போனது. கீழே வந்தது. மேலே போனது.